விலா முறிந்த சத்தம்

கேள்வி:

டாக்டருக்கு வணக்கம். ஐந்து வாரம் முன்பு ஒரு காலையில் என் மாமனார் (வயது 71) நாற்காலியிலிருந்து அப்படியே சரிந்து விழுந்தார். தட்டிக் கூப்பிட்டும் பதில் இல்லை. மூச்சு மட்டும் விட்டு விட்டு, குறட்டை மாதிரி வந்தது. வீட்டில் நான் மட்டும்தான். என்றைக்கோ அலுவலகத்தில் ஒருநாள் பயிற்சியில் பொம்மையை வைத்து சிபிஆர் (இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்திச் செய்யும் முதலுதவி) சொல்லிக்கொடுத்தது ஞாபகம் வந்தது. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்துவிட்டு நெஞ்சை அழுத்த ஆரம்பித்தேன். நாலைந்து முறை அழுத்துவதற்குள் 'மடக்'கென்று ஒரு சத்தம். கைக்குக் கீழே ஏதோ பெயர்ந்தது போல இருந்தது. கையை எடுத்துவிட்டேன். போனில் இருந்தவர் "நிறுத்தாதீங்க, நிறுத்தாதீங்க" என்று கத்திய பிறகுதான் மறுபடி அழுத்தினேன். ஆனால் பயத்தில் முன்பு போல அழுத்தமாக இல்லை.

ஆம்புலன்ஸில் வந்தவர்கள் இரண்டு முறை ஷாக் கொடுத்தார்கள். பிழைத்துவிட்டார். ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு வந்துவிட்டார். எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். அந்த ஒரு வாரம் மட்டும் நினைவில் இல்லை. ஸ்கேனில் இடது பக்கம் நான்கு விலா எலும்பு, வலது பக்கம் இரண்டு, நடு நெஞ்செலும்பில் ஒரு கீறல், நுரையீரலில் லேசான ரத்தக்கட்டு என்று எழுதியிருந்தது. இப்போதும் இருமினால் உயிர் போகிறது என்கிறார். "காப்பாத்துறேன்னு நெஞ்சுக்கூட்டையே நொறுக்கிட்டா" என்று நாத்தனார் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்கிறார். என் வலது மணிக்கட்டும் இன்னும் வலிக்கிறது. ராத்திரியில் அந்தச் சத்தம் கேட்டு விழித்துக்கொள்கிறேன். நான் தப்பான இடத்தில் அழுத்திவிட்டேனா? அவருக்குச் சரியாகுமா? இன்னொரு முறை இப்படி ஆனால் மெதுவாக அழுத்துவதா, அழுத்தாமலே இருப்பதா? பெயர் வேண்டாம்.

பதில்:

சகோதரி, நீங்கள் எழுதியிருந்த எலும்புக் கணக்கைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது, "நடுவில்தான் அழுத்தியிருக்கிறார்" என்பதுதான். இடப்பக்கம் நான்கு, வலப்பக்கம் இரண்டு, நடு எலும்பில் கீறல். நடுவில் இறங்கிய விசை இரண்டு பக்கமும் பரவியதைப் போலத்தான் இது இருக்கிறது. இதயம் இடப்பக்கம் இருக்கிறது என்று நம்பி இடது மார்பின் மேல் கையை வைக்கிறவர்கள் நிறையப் பேர். நீங்கள் அப்படிச் செய்ததாகத் தெரியவில்லை. ஸ்கேனைக் கண்ணால் பார்க்காமல் இதற்கு மேல் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் மாமனாரைப் பார்க்கும் மருத்துவரிடம் இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். அவர் படத்தைத் திருப்பிக் காட்டியே விளக்கிவிடுவார்.

எலும்பு ஏன் முறிகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இது புரிந்தால் பாதி பயம் போய்விடும். நெஞ்சுக்கூடு ஒரு கூடை மாதிரி. முதுகெலும்பிலிருந்து 12 ஜோடி விலாக்கள் வளைந்து முன்னால் வருகின்றன. அவற்றில் மேலிருக்கும் 7 ஜோடிகள் ஒவ்வொன்றும் தனித்தனிக் குருத்தெலும்பால் நெஞ்செலும்போடு சேர்கின்றன. அந்தக் குருத்தெலும்புதான் ஸ்பிரிங். சின்ன வயதில் அது ரப்பர் போல வளைந்து கொடுக்கும். வயதாக ஆக அதில் சுண்ணாம்புச் சத்து படிந்து விறைத்துப் போகும். விலாவும் தன் பங்குக்கு அடர்த்தி குறைந்து காய்ந்த குச்சி போல ஆகும். இப்படிப்பட்ட கூடையின் நடுப்பட்டையை 5 சென்டிமீட்டர் உள்ளே தள்ளுகிறோம், அதுவும் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. வளைய முடியாதது முறியத்தான் செய்யும். முறிவதும் பெரும்பாலும் கைக்கு நேர் கீழே இல்லை. விலா வளைந்து திரும்புகிற முன்பக்கத்தில், குருத்தெலும்பைத் தொட்டடுத்த இடத்தில். இரண்டாவது விலாவிலிருந்து ஏழாவது வரை உள்ளவைதான் அதிகம் அடிபடும். வயதானவர்கள், எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள், நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவர்கள் ஆகியோருக்கு இது இன்னும் சுலபமாக நடக்கும். குழந்தைகளுக்கு அபூர்வம், அவர்களுடைய கூடை இன்னும் பச்சை மூங்கில்.

எத்தனை பேருக்கு இப்படி ஆகிறது என்று கேட்டால் ஒரே எண்ணாகச் சொல்ல முடியாது. 2004-ல் வந்த ஒரு தொகுப்பு ஆய்வு அதுவரை வெளியான கட்டுரைகளை எல்லாம் சேர்த்துப் பார்த்தது. பெரியவர்களில் விலா முறிவு 13 சதவீதம் என்று ஒரு கட்டுரை சொல்ல, இன்னொன்று 97 சதவீதம் என்றது. நெஞ்செலும்பு முறிவு 1 முதல் 43 சதவீதம் வரை. சிறுவர்களுக்கு விலா முறிவு 0 முதல் 2 சதவீதம்தான். ஏன் இவ்வளவு இடைவெளி? எக்ஸ்ரேயில் பார்த்தால் பாதி தெரியாது, சிடி ஸ்கேனில் நிறையத் தெரியும், பிரேதப் பரிசோதனையில் இன்னும் அதிகம் தெரியும். போதாததற்கு, பிரேதப் பரிசோதனை மேசைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் நீண்ட நேரம் அழுத்தப்பட்டும் பிழைக்காதவர்கள். எப்படிப் பார்த்தாலும், சிபிஆர் பெற்ற பெரியவர்களில் குறைந்தது மூன்றில் ஒருவருக்கு விலா முறிகிறது, ஐந்தில் ஒருவருக்கு நெஞ்செலும்பு முறிகிறது என்பதுதான் அந்தத் தொகுப்பின் கணிப்பு. 71 வயதுக்காரருக்கு ஆறு விலா போனதைக் கேட்டால் எந்த அவசர சிகிச்சை மருத்துவரும் புருவத்தை உயர்த்த மாட்டார்.

இதைச் சொன்ன கையோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. "விலா முறிந்தால்தான் அது சரியான சிபிஆர்" என்று எங்களுக்குள்ளேயே சிலர் வீரமாகப் பேசுவதுண்டு. எனக்கு அது பிடிக்காது. ஒரு எலும்பும் முறியாமல் மிகச் சரியாக அழுத்தப்பட்டுப் பிழைத்தவர்களும் இருக்கிறார்கள். முறிவை ஒரு மதிப்பெண் போல எண்ணக் கூடாது. ஆழத்துக்கு ஒரு மேல் எல்லையும் இருக்கிறது. 2010-ல் சர்வதேச வழிகாட்டுதல்கள் "குறைந்தது 5 சென்டிமீட்டர்" என்றன. 2015-ல் "6 சென்டிமீட்டருக்கு மேல் போக வேண்டாம்" என்றும் சேர்த்தார்கள். அதற்கு முன் ஃபின்லாந்தில் நடந்த ஓர் ஆய்வில், 6 சென்டிமீட்டரைத் தாண்டி அழுத்தப்பட்ட ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் காயம் இருந்தது. அதற்குக் குறைவான ஆழத்தில் அது நாலில் ஒருவரைச் சற்றே தாண்டியது. ஆனால் வெறுங்கையோடு அழுத்துகிற யாருக்கும் 5 எது, 6 எது என்று அளந்து பார்க்கக் கருவி கிடையாது. நடைமுறையில் சாதாரண மனிதர்கள் செய்யும் தவறு, பயத்தில் ஆழம் போதாமல் அழுத்துவதுதான். அதிகமாக அழுத்திவிடுகிறவர்கள் குறைவு.

அந்தச் சத்தத்தைப் பற்றி யாரும் உங்களை முன்கூட்டியே எச்சரிக்கவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். பயிற்சிப் பொம்மையில் சரியான ஆழம் போனால் 'க்ளிக்' என்று ஒரு ஒலி வரும், கேட்டிருப்பீர்கள். அது பாராட்டு. அதே கையால் உண்மையான மனிதரை அழுத்தும்போது வருகிற 'மடக்' உயிரை உறைய வைக்கும். 1960-ல் முதல் சிபிஆர் பொம்மையைச் செய்த நார்வேக்காரர் அஸ்மண்ட் லேர்டால் ஒரு விளையாட்டுச் சாமான் தயாரிப்பாளர். அவர் பொம்மைக்குள் ஸ்பிரிங் வைத்தார், முறிகிற விலா வைக்கவில்லை. அதை வைத்துச் சொல்லிக்கொடுக்கிற நாங்கள்தான் வாயால் சொல்லியிருக்க வேண்டும். நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது முதன்முதலில் அந்தச் சத்தத்தைக் கேட்டு உங்களைப் போலவே கையை எடுத்தேன். பக்கத்தில் நின்ற சீனியர் நர்ஸ் என் முகத்தைக்கூடப் பார்க்காமல், "கை இடத்துல இருக்கா பாருங்க, இருந்தா அழுத்துங்க" என்றார். இன்றுவரை மாணவர்களுக்கு நான் சொல்வதும் இந்த ஒரு வரியைத்தான். சத்தம் கேட்டால் செய்ய வேண்டியது அவ்வளவுதான்: உள்ளங்கையின் அடிப்பகுதி நெஞ்செலும்பின் கீழ்ப் பாதியில் இருக்கிறதா என்று ஒரு கண் பார்வை, விரல்கள் விலா மேல் அழுந்தாமல் தூக்கியிருக்கிறதா என்று இன்னொரு பார்வை, பிறகு அதே ஆழம், அதே வேகம்.

இங்கேதான் உங்களிடம் நேர்மையாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தக் காலையில் நீங்கள் செய்ததில் நான் திருத்துவேன் என்றால், அது முறிந்த விலாவை அல்ல; முறிந்த பிறகு மென்மையாக அழுத்தினீர்களே, அதை. நன்றாகச் செய்கிற சிபிஆர்கூட இயல்பான ரத்த ஓட்டத்தில் கால் பங்கு, மிஞ்சிப்போனால் மூன்றில் ஒரு பங்கைத்தான் தரும். இதயத்துக்கே ரத்தம் கொண்டுபோகிற குழாய்கள் நிரம்புவது, நாம் கையைத் தளர்த்தி நெஞ்சு மேலெழும்பும் அந்த நொடியில். அதற்கு வேண்டிய அழுத்தம் ஓர் அழுத்தலில் வந்துவிடாது. தொடர்ந்து அழுத்த அழுத்தப் படிப்படியாக ஏறும், நிறுத்தினால் சட்டென்று விழும். அடிபம்பு மாதிரிதான்: பத்துத் தடவை அடித்தால்தான் தண்ணீர் மேலே வரும், நடுவில் விட்டால் மறுபடி முதலிலிருந்து அடிக்க வேண்டும். ஷாக் தேவைப்படும் வகை இதய நிறுத்தத்தில் சிபிஆரே இல்லாமல் கழிகிற ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கிற வாய்ப்பை 7 முதல் 10 சதவீதம் தின்றுவிடும். யாராவது அழுத்திக்கொண்டிருந்தால் அந்தச் சரிவு 3, 4 சதவீதமாகக் குறையும். இதைக் குற்றம் சொல்வதற்காக எழுதவில்லை. அவர் எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார் என்ற ஒரு வரியிலேயே, மூளைக்குப் போதுமான ரத்தம் போயிருக்கிறது என்று தெரிகிறது. உங்கள் மூன்றாவது கேள்விக்குப் பதில் இதில்தான் இருக்கிறது, அதனால் சொன்னேன். அந்த ஒரு வாரம் நினைவில் இல்லாதது பற்றிக் கவலை வேண்டாம். இதயம் நின்று மீண்டவர்களில் பலருக்கு அப்படித்தான். அது திரும்பி வர வேண்டும் என்ற அவசியமும் இல்லை.

குறட்டை மாதிரி மூச்சு வந்ததே, இதயம் ஓடிக்கொண்டிருந்தபோதே அழுத்திவிட்டோமோ என்ற சந்தேகம் உங்களுக்கோ நாத்தனாருக்கோ வரலாம். இதயம் நின்ற முதல் சில நிமிடங்களில் மூளைத்தண்டு கடைசியாக அனுப்புகிற விக்கல் போன்ற மூச்சு அது. உண்மையான மூச்சில் அது சேர்த்தி இல்லை. அதைப் பார்த்து "மூச்சு இருக்கிறது" என்று காத்திருந்தே எத்தனையோ பேரை இழந்திருக்கிறோம். நீங்கள் காத்திருக்கவில்லை. சரி, ஒரு பேச்சுக்கு அவர் இதயம் ஓடிக்கொண்டிருந்தது என்றே வைத்துக்கொள்வோம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், போனில் ஆம்புலன்ஸ் மையத்தினர் சொல்லச் சொல்ல நெஞ்சை அழுத்தியதில், கடைசியில் இதயம் நிற்கவே இல்லை என்று தெரியவந்தவர்களைத் தேடிப் பார்த்து 2010-ல் ஒரு கட்டுரை வந்தது. 100 பேரில் 12 பேருக்கு நெஞ்சு வலி, 2 பேருக்கு எலும்பு முறிவு. உள்ளுறுப்புக் காயம் ஒருவருக்கும் இல்லை. தேவையில்லாமல் அழுத்தினால் ஆகும் சேதம் அவ்வளவுதான். தேவைப்படும்போது அழுத்தாவிட்டால் என்ன ஆகும் என்று எழுத வேண்டியதில்லை.

இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு ஒரு பழைய விஷயம் நினைவுக்கு வரும். வெளியிலிருந்து நெஞ்சை அழுத்தி இதயத்தை ஓட்டலாம் என்று அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் கோவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் மூவரும் எழுதியது 1960-ல். அதற்கு முன் இதயம் நின்றால் மருத்துவமனையில் இருந்த வழி, கத்தியால் நெஞ்சைப் பிளந்து, விலாக்களை விரித்து, இதயத்தைக் கையில் பிடித்துப் பிசைவது. இப்போது ஆறு விலாவுக்கு அழுகிறோம்.

இனி எலும்பைத் தாண்டி உள்ளே என்ன ஆகலாம் என்று பார்ப்போம். ஐந்து வாரம் ஆகிவிட்டதால் இவற்றில் பெரும்பாலானவை உங்கள் மாமனாருக்கு இனி வரப்போவதில்லை. ஆனாலும் தெரிந்துவைத்திருப்பது நல்லது. விலாவின் முறிந்த நுனி நுரையீரலைக் குத்தினால் காற்றோ ரத்தமோ நெஞ்சுக்குள் கசிந்து நுரையீரல் சுருங்கும். குழாய் போட்டு வெளியேற்றுவார்கள். குத்தாமல் நசுக்கினால் வருவதுதான் அவருக்கு ஸ்கேனில் தெரிந்த ரத்தக்கட்டு. அது பெரும்பாலும் தானாகவே வடிந்துவிடும். நெஞ்செலும்புக்குப் பின்னால் ரத்தம் கட்டுவதும் உண்டு. அடுத்தடுத்த விலாக்கள் இரண்டு இரண்டு இடங்களில் முறிந்தால் அந்தத் துண்டு மட்டும் மூச்சுக்கு எதிர்த்திசையில் ஆடும். அவர்களுக்குச் சில நாள் வென்டிலேட்டர் வேண்டியிருக்கும். கை மிகவும் கீழே இறங்கி, நெஞ்செலும்பின் கூர் நுனிமேல் அழுத்தினால் கல்லீரல் கிழியலாம். மண்ணீரல் அடிபடுவது அதைவிட அபூர்வம். எண்ணிக்கையில் இவை குறைவு. ஆனால் ரத்தம் உறையாமல் இருக்க மருந்து கொடுத்திருக்கும்போது சின்னக் கிழிசலும் பெரிய கசிவாகிவிடும். அதனால்தான் ஸ்டென்ட் வைத்த பிறகு ரத்த அழுத்தம் இறங்கினால் இதயத்தை மட்டும் பார்க்காமல் வயிற்றையும் ஸ்கேன் செய்கிறோம். வாயோடு வாய் வைத்து வேகமாக ஊதினால் காற்று வயிற்றில் போய் உப்பிக்கொள்ளும். உள்ளே இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் இறங்கலாம். அதற்கு ஒரு நொடி மெல்ல, நெஞ்சு எழும்புகிற அளவுக்கு மட்டும் ஊதினால் போதும். முகத்திலும் கண் வெள்ளையிலும் சிவப்புப் புள்ளிகள், ஷாக் பட்டை ஒட்டிய இடத்தில் தோல் சிவந்து கன்றிப்போவது, குழாய் போட்டதால் தொண்டை கரகரப்பு இவையெல்லாம் வந்த வழியே போகிறவை. இயந்திரத்தால் நெஞ்சை அழுத்தும் கருவிகள் வந்துவிட்டன. அவையும் எலும்பை விட்டுவைப்பதில்லை.

இப்போது வீட்டில் செய்ய வேண்டியது. முறிந்த விலா ஒன்றுசேர 6 முதல் 12 வாரம் ஆகும். நெஞ்செலும்பும் ஏறக்குறைய அதே கணக்கு, சற்றுக் கூடலாம். கைகால் எலும்பு போல மாவுக்கட்டு போட வழியில்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் அசைந்துகொண்டே கூட வேண்டிய எலும்பு அது. ஐந்தாவது வாரத்தில் இருமல், தும்மல், படுக்கையிலிருந்து எழுவது, புரண்டு படுப்பது எல்லாம் வலிப்பது எதிர்பார்த்ததுதான். பார்க்க வேண்டியது, போன வாரத்தைவிட இந்த வாரம் கொஞ்சமாவது குறைகிறதா என்று.

முறிந்த விலாவைவிட எனக்குப் பயம் தருவது, வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விடும் பழக்கம். அப்படி விட்டால் நுரையீரலின் அடிப்பகுதி விரியாது, சளி தேங்கும், நிமோனியா வரும். சிபிஆரில் பிழைத்த வயதானவர்களை வீட்டுக்குப் போன பிறகு மறுபடி மருத்துவமனைக்கு இழுத்து வருவது பல சமயம் இதுதான். ஆகவே வலி மாத்திரையைத் "தாங்க முடியாதபோது மட்டும்" என்று வைக்காதீர்கள்; மருத்துவர் சொன்ன அளவில் நேரம் தவறாமல் கொடுங்கள். பெரும்பாலும் பாரசிட்டமால் எழுதியிருப்பார்கள். கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் அவருக்கு வேண்டவே வேண்டாம். மாரடைப்பு வந்த இதயத்துக்கும் ஆகாது; ஸ்டென்டுக்காகச் சாப்பிடும், ரத்தம் உறையாமல் இருப்பதற்கான மாத்திரைகளோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியும். அதே சமயம், ரத்தம் கசியுமோ என்று பயந்து ஸ்டென்ட் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடவும் கூடாது. அது இன்னும் பெரிய ஆபத்து.

மாத்திரை வேலை செய்யத் தொடங்கிய பிறகு மூச்சுப் பயிற்சி. மருத்துவமனையில் மூன்று பந்து உள்ள பிளாஸ்டிக் கருவி ஒன்று கொடுத்திருப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் அலமாரிக்கு மேலே போயிருக்கும். அதை எடுத்துத் துடைத்து, விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கு ஒரு தடவை, பத்து மூச்சு இழுக்கச் சொல்லுங்கள். இருமல் வரும்போது ஒரு தலையணையை நெஞ்சோடு அணைத்து இறுக்கிக்கொண்டு இருமினால் வலி குறையும். இருமலை அடக்கச் சொல்லாதீர்கள், சளி வெளியே வர வேண்டும். முதுகைச் சாய்த்து, அரை உட்கார்ந்த நிலையில் படுப்பது சுகமாக இருக்கும். எழும்போது கையை ஊன்றித் தூக்கிக்கொள்ளாமல், ஒருக்களித்துத் திரும்பிக் காலைக் கீழே தொங்கவிட்டு எழட்டும். நெஞ்சைச் சுற்றித் துணியையோ பெல்ட்டையோ இறுக்கிக் கட்டுவதை எப்போதோ கைவிட்டுவிட்டோம். அது மூச்சைத்தான் கட்டும். யாரும் அழுத்தித் தேய்த்துவிடவும் கூடாது. கனம் தூக்குவது வேண்டாம், நடப்பது வேண்டும்.

சில அறிகுறிகள் வந்தால் நாளை பார்க்கலாம் என்று விடாதீர்கள். குறைந்துகொண்டிருந்த மூச்சுத்திணறல் மறுபடி கூடுவது, காய்ச்சலோடு மஞ்சளாகவோ ரத்தம் கலந்தோ சளி வருவது, திடீரென்று ஒரு பக்கம் குத்தி மூச்சே இழுக்க முடியாமல் போவது, மேல் வயிற்று வலியோடு தலைசுற்றல், மலம் தார் போலக் கறுத்துப் போவது. மாரடைப்பின் போது வந்தது போன்ற இறுக்கமான நெஞ்சுவலி வந்தால் அதை "விலா வலிதான்" என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். விலா வலியை விரலால் தொட்டுக் காட்ட முடியும், அசைந்தால் கூடும். ஆனாலும் சந்தேகம் வந்தால் ஆம்புலன்ஸ்தான். மூன்று மாதம் கழித்தும் நெஞ்செலும்பில் அசையும்போது 'டிக் டிக்' என்று உணர்ந்தால், எலும்பு சரியாகக் கூடவில்லையோ என்று பார்க்க வேண்டும். அவசரமில்லை, ஆனால் காட்டுங்கள்.

மூன்றாவது கேள்வி. மறுபடி நடந்தால் அதே இடத்தில், அதே ஆழத்தில், அதே வேகத்தில். விலா இன்னும் கூடாமல் இருந்தாலும் அப்படியே. எலும்பு முறிந்தவர் என்பதற்காகச் சிபிஆரின் ஆழத்தை யாரும் குறைப்பதில்லை. ஆழம் குறைந்தால் மூளைக்கும் இதயத்துக்கும் போகிற ரத்தமும் குறையும். ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. தீராத நோயின் கடைசிக் கட்டத்தில் இருப்பவர், "எனக்கு இதெல்லாம் வேண்டாம்" என்று தெளிவாக முன்பே சொல்லி, அதை மருத்துவரோடு பேசி எழுதியும் வைத்திருந்தால், அவர் விருப்பம்தான் முதலில். அப்படிப்பட்ட ஒருவர் மேல் விலாக்களை முறித்துக்கொண்டு நின்ற இரவுகள் எனக்கும் உண்டு. அவற்றைப் பற்றி எனக்குப் பெருமை இல்லை. உங்கள் மாமனார் கதை அது இல்லை. நாற்காலியில் நன்றாக உட்கார்ந்திருந்தவரின் இதயம் நின்றது, ஷாக்கில் திரும்பியது, அடைப்பும் சரிசெய்யப்பட்டது. சிபிஆர் என்று ஒன்று இருப்பதே இப்படிப்பட்டவர்களுக்காகத்தான்.

உங்கள் மணிக்கட்டு. தொடர்ந்து அழுத்துகிறவர்களுக்கு மணிக்கட்டும் இடுப்பும் பிடித்துக்கொள்வது வழக்கம், சில நாளில் போய்விடும். ஐந்து வாரம் என்பது கொஞ்சம் அதிகம். கட்டைவிரலுக்கு அடியில் இருக்கும் குழியில் அழுத்தினால் வலிக்கிறது என்றால் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். வீட்டில் ஒருவருடைய எலும்பை எல்லோரும் பேசிக்கொண்டிருக்கும்போது இன்னொருவருடைய எலும்பு மறந்துபோகும்.

ராத்திரி கேட்கும் அந்தச் சத்தத்தையும் அதே அக்கறையோடு எடுத்துக்கொள்ளுங்கள். சொந்த வீட்டு மனிதரின் நெஞ்சை அழுத்தியவர்களுக்குச் சில வாரங்கள் தூக்கம் கெடுவது இயல்பு. ஒரு மாதம் தாண்டியும் அது குறையவில்லை, அந்த அறைக்குள் போகவே கால் வரவில்லை, நினைத்தால் படபடக்கிறது என்றால் மனநல மருத்துவரையோ ஆலோசகரையோ பாருங்கள். நல்ல சிகிச்சை இருக்கிறது. மாமனாரிடமும் நடந்ததை ஒருமுறை உட்கார்ந்து சொல்லுங்கள். அந்த வாரம் அவருக்கு வெறும் இருட்டு. அதில் என்ன நடந்தது என்று இப்போது அவருக்குச் சொல்லிக்கொண்டிருப்பது உங்கள் நாத்தனார் மட்டும்தானோ என்னவோ.

நாத்தனார் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் பார்த்தது ஸ்கேன் தாளையும் அப்பாவின் வலியையும் மட்டும். அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் அவர் இல்லை. அன்று நீங்கள் ஒற்றை ஆளாக அழுத்தினீர்கள். எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் 2 நிமிடத்தில் கை தளர்ந்து ஆழம் குறைந்துவிடும். அதற்குத்தான் இரண்டு பேர் மாறி மாறிச் செய்யச் சொல்கிறோம். இதய நோயாளி இருக்கும் வீட்டில் இரண்டு பேருக்காவது இது தெரிந்திருக்க வேண்டும். உங்கள் மணிக்கட்டு ஆறியதும் மறுபடி ஒருநாள் பயிற்சிக்குப் போங்கள்; போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அந்தப் பொம்மை 'க்ளிக்' சொல்லும்வரை அவரும் அழுத்திப் பார்க்கட்டும்.